பாத்தேர் – அப்பா: ஒலியும் பொருளும்

இருவேறு மொழிகளின் சொற்கள் ஒன்றுபோல் ஒலித்த மாத்திரத்தில் அவற்றுக்கு உறவு கற்பித்து மகிழ்வது சொல்லாராய்ச்சி ஆகாது. இவ்வுண்மை எளிதில் மறக்கப்படுகிறது என்பதற்கு விவிலியத்தில் வரும் 'அப்பா' எனும் சொல்லே தக்க சான்று.

கிறித்தவரின் புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அதில் தந்தையைக் குறிக்கும் சொல் 'பாத்தேர்' என்பது. மாற்கு நற்செய்தியின் 14ஆம் அதிகாரம், உரோமையர் மடலின் 8ஆம் அதிகாரம், கலாத்தியர் மடலின் 4ஆம் அதிகாரம் ஆகிய மூன்றிடங்களில் மட்டும், இயேசு பேசிய அரமேய மொழியின் 'அப்பா' எனும் சொல் நிறுத்தப்பட்டு, அதனையடுத்துப் 'பாத்தேர்' வைக்கப்பட்டுள்ளது. இதனைக் கொண்டு இரு கூற்றுகள் உலவுகின்றன. இச்சொல் தமிழிலிருந்து சென்றதே என்று முழங்குவார் ஒருசாரார். இது பச்சிளங்குழந்தையின் மழலையே என்று போதிப்பார் மற்றொரு சாரார். இரண்டுமே ஏற்கத்தக்கன அல்ல.

முதற்கூற்றை நோக்குவோம். தமிழில் வல்லினம் இரட்டித்தால் வன்மையாகவே ஒலிக்கும். அரமேயச் சொல்லில் இரட்டித்து ஒலிப்பதோ, 'பாரதி' என்னும் பெயரின் முதலில் நாம் கேட்கும் மெல்லோசை. அதனை எழுதத் தமிழில் தனியெழுத்து இன்மையால் 'அப்பா' என்றே எழுதுகிறோம். ஆகவே, கண்ணுக்குத் தோன்றும் ஒற்றுமையில் ஒரு பாதி நம் எழுத்து முறை தந்ததாகும். மேலும், எபிரேயத்திலும் அரபியிலும் பழைய அக்காதியத்திலும் இச்சொல்லின் உடன்பிறப்புகள் உள. தன் குடும்பத்துள் வேர்விட்டு நிற்கும் சொல்லுக்கு அயல்வீட்டில் பிறப்புச் சான்று தேடுவானேன்?

சொற்கள் கடல் கடப்பதில்லையா எனின், கடக்கும். எபிரேய விவிலியத்தில் மயிலைக் குறிக்கும் 'துகி' எனும் சொல்லைத் தமிழ்த் 'தோகை'யோடு கால்டுவெல் 1856இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்தில் இணைத்துக் காட்டினார். மயில் கப்பலேறும், அதனுடன் பெயரும் ஏறும். தந்தையை இறக்குமதி செய்ய வேண்டிய தேவை எந்த நாட்டுக்கு இருந்தது?

பின் ஒலி ஒற்றுமை எவ்வாறு வந்தது? குழந்தையின் இதழ்கள் எளிதில் எழுப்பும் ஒலிகளைப் பெற்றோர் தமக்குரிய பெயராக ஏற்றுக்கொள்வதால் என்று மொழியியலறிஞர் ரோமன் யாக்கப்சன் 1960இல் வெளிவந்த கட்டுரையில் விளக்கினார். சீனரும் துருக்கியரும் 'பாபா' என்பது இதனாலேயே. ஜார்ஜிய மொழியிலோ 'மாமா' என்றால் தந்தை! ஒலியை மட்டும் நம்புவோர் இதற்கு என்ன உறவுமுறை கூறுவர்?

உண்மை உறவு வேறிடத்தில் இருக்கிறது. பழைய தமிழ் விவிலியத்தில் 'அப்பா'வை அடுத்து வரும் 'பிதா' எனும் வடசொல்லே கிரேக்கப் 'பாத்தேர்' என்பதன் இனம். ஆங்கிலத்தில் அதன் இனம் 'ஃபாதர்'. வடமொழிப் 'பாத'த்துக்கு 'ஃபுட்' நேராவதும், 'பஞ்ச' என்பதற்கு 'ஃபைவ்' நேராவதும் அதே ஒழுங்கின்படியே. இவ்வாறு சொல்தோறும் மாறாது வரும் ஒழுங்கே உறவை நிறுவும். ஒரு சொல்லின் தற்செயல் ஒலி நிறுவாது.

இனி மழலைக் கூற்று. செருமானிய அறிஞர் யோவாக்கிம் எரேமியாஸ், இச்சொல்லின் தோற்றம் குழந்தைப் பேச்சில் உள்ளது என்றார். ஆயினும், இயேசு குழந்தைமொழி பேசினார் எனக் கொள்வது பிழை என்பதையும் அவரே பின்னர் எழுதினார். போதிப்போர் முன்னதைப் பற்றிக்கொண்டு பின்னதைக் கைவிட்டனர். ஜேம்ஸ் பார் 1988இல் எழுதிய கட்டுரை இம்மயக்கத்தை நேரடியாகவே மறுத்தது. வீட்டுச் செல்லப்பேச்சுக்குக் கிரேக்கத்தில் 'பாப்பாஸ்' எனும் சொல் இருந்தது. ஹோமரின் ஒடிசியில் நௌசிக்கா தன் தந்தையை அச்சொல்லாலேயே விளிக்கிறாள். புதிய ஏற்பாட்டார் அதனை ஓரிடத்திலும் எடுத்தாளவில்லை. மூன்றிடத்தும் பெரியோர் வாயில் வழங்கும் 'பாத்தேர்' என்பதையே இட்டனர். அச்சொல்லின் பொருளை இதனினும் தெளிவாக யார் உரைக்க இயலும்?

இடத்தையும் நோக்குக. மாற்கு காட்டுவது கெத்சமனித் தோட்டத்தில் சாவை எதிர்நோக்கி நிற்கும் ஒருவரை. துன்பம் நீங்க வேண்டியும், தம் விருப்பத்தைத் தந்தையின் விருப்பத்துக்கு ஒப்படைத்தும் அவர் மன்றாடுகிறார். இதனை மழலையாக்கினால் அவ்வொப்படைப்பின் கனம் போய்விடும். தமிழ் உதவுவது இங்கேதான். நரைகண்ட மகனும் தந்தையை 'அப்பா' என்றே அழைக்கிறான். அதில் நெருக்கமும் உண்டு, மதிப்பும் உண்டு. இவ்வழக்கறிந்த தமிழர்க்கு அரமேய 'அப்பா'வை உணர்வது எளிது. ஆனால் உணர்வதற்கு உதவும் உவமை, பிறப்புக்குச் சான்றாகாது.

தமிழின் தொன்மைக்குக் கல்வெட்டும் சங்க நூல்களும் சான்றாக நிற்கின்றன. அதற்குக் கடன் வாங்கிய பெருமை வேண்டா. வகுப்பறையில் ஒரு பொய்யைப் பெருமையெனக் கற்கும் மாணவன், அது பொய்யென அறியும் நாளில் மெய்யான பெருமைகளையும் ஐயுறுவான். அந்த ஐயத்துக்கு இடங்கொடாமல் காப்பது தமிழாசிரியரின் கடமை.