பந்தைத் தொடாத வீரர்

ஒரு வீட்டைப் புகழ வருவோர் அதன் முகப்பையும் மாடத்தையும் பார்த்துப் புகழ்வர். மண்ணுக்குள்ளே கிடந்து பாரம் சுமக்கும் அத்திவாரக் கல்லை எவரும் எண்ணுவதில்லை. சுவர் வெடித்த அன்றுதான் அதன் நினைவு வரும். விளையாட்டு உலகிலும் அத்தகைய அத்திவாரக் கற்கள் உண்டு. அவர்களுள் ஒருவரைப்பற்றி இவ்வாரம் நேயர்களுடன் உரையாட விரும்புகின்றோம்.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று பெயரிட்டு ஆடுவது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. அது றக்பியின் வழிவந்தது. பந்தைக் கையிலேந்தி ஓடுவதும், எறிந்து பிடிப்பதுமே அதிற் பெரும்பகுதி. பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். பந்து தம்மவரிடம் இருக்கும்போது, அவர்களுள் ஐவர் முன்வரிசையிலே மதில்போல நிற்பர். நடுவில் நிற்பவர் பந்தைப் பின்னே கொடுத்து ஆட்டத்தைத் தொடக்கிவைப்பார். மற்றை நால்வரும் வழக்கமாகப் பந்தைத் தொடுவதேயில்லை. பந்தை எறிபவரை எதிரிகள் நெருங்காது காப்பதும், பந்துடன் ஓடுபவருக்கு வழி திறந்துவிடுவதுமே அவர்தம் கடமை. வெற்றிப்புள்ளிக் கணக்கிலே அவர்கள் பெயர் வருவது அரிது. பிழை செய்தபொழுதுதான் நடுவரின் விரல் அவர்களைச் சுட்டும்.

ஜோன் அர்ஷெல் இவ்வரிசையிலே நின்றவர். 1991ஆம் ஆண்டு கனடாவிற் பிறந்து, அமெரிக்காவிலே பபலோ நகரில் வளர்ந்தவர். தந்தையார் சத்திரசிகிச்சை வைத்தியர், தாயார் வழக்கறிஞர். பிள்ளையின் கையிலே கணக்குப் புதிர்களைக் கொடுத்துப் பழக்கியவர் அத்தாயாரே. பென்சில்வேனியா மாநிலச் சர்வகலாசாலையிலே அவர் ஆட்டமும் ஆடினார். கணிதத்தில் இளமாணி, முதுமாணிப் பட்டங்களும் பெற்றார். மாணவராயிருந்த காலத்திலேயே வகுப்பறையில் நின்று கணிதம் கற்பித்தார்.

அமெரிக்கத் தொழில்முறைக் கழகங்கள் ஆண்டுதோறும் சர்வகலாசாலை வீரர்களை முறைவைத்துத் தெரிவுசெய்யும். 2014இலே 175ஆவது ஆளாக அர்ஷெலைப் பால்ற்றிமோர்க் கழகம் தெரிந்தெடுத்தது. பகலிலே முந்நூறு இறாத்தல் நிறையுள்ள எதிரிகளோடு மோதியவர், ஓய்வு வேளைகளிலே கணித ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார். "இத்தனை அறிவுடைய நீர் தலையைப் பணயம் வைத்து ஏன் ஆடுகின்றீர்?" என்று பலரும் வினவினர். 2015ஆம் ஆண்டு தொடக்கத்தில் இக்கேள்விக்கு அவர் எழுத்திலேயே விடை கூறினார். ஆபத்தை அறிந்தும், அந்த மோதலில் உள்ள விருப்பத்தைத் தம்மால் விடமுடியவில்லை என்பதே அவ்விடையின் கருத்து. அதே ஆண்டு ஆகஸ்ற் மாதம் பயிற்சியின்போது தலையில் அடிபட்டு, மூளை அதிர்ச்சிக்கு உள்ளானார். சில வாரங்கள் உயர்கணிதம் அவருக்குக் கைகூடவில்லை. தம் செல்வம் எங்கே இருக்கின்றது என்பதை அந்நாட்கள் அவருக்கு உணர்த்தியிருக்கும் என்றே நாம் எண்ணுகின்றோம்.

இவ்வச்சம் வெறுங் கற்பனையன்று. பிற்ஸ்பேர்க் கழகத்தின் முன்வரிசையிலே நடுவில் நின்றவர் மைக் வெப்ஸ்ரர். 1974 முதல் 1990 வரை பதினேழு பருவங்கள் ஆடி, நான்கு முறை உச்ச வெற்றிக் கிண்ணத்திற் பங்குகொண்டவர். ஓய்வுபெற்றபின் நினைவு தடுமாறி, குடும்பம் சிதறி, தம் வாகனத்திலேயே இரவைக் கழிக்கும் நிலைக்கும் வந்தார். 2002இல், ஐம்பதாவது வயதில், மாரடைப்பால் இறந்தார். அவர் மூளையைச் சோதித்த வைத்தியர் பெனற் ஒமாலு, அதிலே ஒருவகைப் புரதம் அசாதாரணமாகப் படிந்திருக்கக் கண்டு, 2005இல் அதனை வெளியிட்டார். மயங்கி விழச்செய்யும் பேரடி மாத்திரமன்று, ஆட்டந்தோறும் விழும் சிற்றடிகளும் சேர்ந்து கேடு செய்யும் என்பது பின்வந்த ஆராய்ச்சிகளின் கருத்து. முன்வரிசையாருக்கோ அச்சிற்றடிகளே அன்றாட ஊதியம்.

2017 யூலை 25ஆந் திகதி மற்றோர் ஆய்வு வெளிவந்தது. முன்னாள் தொழில்முறை வீரர் 111 பேரின் மூளைகளுள் 110இல் அந்நோயின் அடையாளம் காணப்பட்டது. நோய் உண்டென ஐயுற்ற குடும்பத்தினரே பெரும்பாலும் அம்மூளைகளை ஆராய்ச்சிக்கு அளித்தனராதலின், எல்லா வீரர்க்கும் இக்கணக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் அது அலட்சியம் செய்யத்தக்க செய்தியன்று.

இரண்டு நாட்களின் பின் அர்ஷெல் விடைபெற்றார். வயது இருபத்தாறு, ஆடியது மூன்றே பருவங்கள். அவ்வாய்வு ஒன்றையே காரணமாக அவர் காட்டவில்லை. முதற் குழந்தையை எதிர்நோக்கியிருந்தார். 2016இலே தொடங்கிய மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கல்வி நிறுவனப் படிப்பை முழுநேரமாகத் தொடரவும் விரும்பினார். 2021இல் அங்கே கலாநிதிப் பட்டம் பெற்றார். 2023இல் அந்நிறுவனத்திலேயே உதவிப் பேராசிரியரானார்.

விளையாட்டை விடுங்கள் என்று மாணவர்க்குச் சொல்ல நாம் வரவில்லை. உடற்பயிற்சியும் கூட்டுழைப்பும் இளமைக்கு உரமாவன. அர்ஷெலும் தாம் ஆடியதை இழிவென்று எண்ணியவரல்லர். ஆனால், விட வேண்டிய வேளை வந்தபொழுது அவர் நடந்து செல்வதற்கு இன்னொரு வாசல் திறந்திருந்தது. அவ்வாசலை ஒரே நாளில் எவரும் அமைத்துவிட முடியாது. கைதட்டல் காதிலே ஒலித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, இரவு விளக்கின் முன்னிருந்து சிறிது சிறிதாக அவர் அதனை அமைத்துக்கொண்டார்.

வெப்ஸ்ரருக்கும் திறமை குறைவில்லை, துணிவும் குறைவில்லை. அவர் ஆடிய நாளிலே இவ்வாபத்தை எடுத்துரைப்பார் இருக்கவில்லை. இன்று இருக்கின்றனர். பிள்ளை பரிசுக் கிண்ணத்தோடு வீட்டுக்கு வரும்பொழுது பெற்றோர் மகிழட்டும். கிண்ணத்தை வாங்கி வைத்தபின், தலையில் அடிபட்டதா என்றும் ஒரு வார்த்தை கேட்கட்டும்.