ஒகேனக்கலுக்கு கேம்பர் வேன்ல போலாம்... நைட்டு எங்க நிறுத்துறது?

'கேரவன்'னு சொன்னா, ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோ ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் வண்டிதான் நமக்கு முதல்ல ஞாபகம் வரும். கொரோனாவுக்குப் பிறகு அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் சேர்ந்திருக்கு. படுக்கை, கிச்சன், டாய்லெட் எல்லாத்தையும் ஒரே வேனுக்குள்ள அடக்கி, ஊர் ஊரா சுத்துற கேம்பர் வேன். ஹோட்டல் புக்கிங் வேணாம், செக்-அவுட் டென்ஷன் இல்ல. பின்கதவைத் திறந்தா மலை, கையில காபி. ரீல்ஸ்ல பார்த்து ஏங்காதவங்க யாரு?

அரசுகளும் ஏங்க ஆரம்பிச்சிருக்கு. கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இடம்பிடித்திருக்கிறது. காகிதத்துல எல்லாம் ரெடி. ரோட்டுல?

அதை டெஸ்ட் பண்ண தர்மபுரியைவிட நல்ல மாவட்டம் கிடைக்காது. காஷ்மீரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44 மாவட்டத்தின் நடுவுல ஓடுது. பெங்களூரு ஐ.டி. கூட்டத்துக்கு வீக் எண்ட் தூரம். ஒகேனக்கல், தீர்த்தமலை, வத்தல்மலைன்னு சுத்த இடம் இருக்கு. மார்கழி ராத்திரியில ஜன்னலைத் திறந்து வெச்சா ஏசியே தேவைப்படாது.

சந்தோஷம் நிஜம்தான், அதைக் குறைச்சுச் சொல்லக் கூடாது. ஒகேனக்கல்ல மீனை வாங்கி, அங்கேயே சமைச்சுத் தர்ற அக்காக்கள்கிட்ட கொடுத்தா மசாலா தடவி வறுத்துக் கொடுப்பாங்க. அதைச் சாப்பிட்டுட்டு உங்க சொந்த மெத்தையில சாயுற சுகமே வேற. முட்டி வலி இருக்கும் பாட்டி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை பால் கேட்கும் குழந்தை... இவங்களோட பயணம் போறவங்களுக்கு வேனுக்குள்ள ஒரு டாய்லெட் இருப்பது ஆடம்பரமே இல்ல. நெடுஞ்சாலையில சுத்தமான டாய்லெட்டைத் தேடி, அது வரைக்கும் தண்ணி குடிக்காமலே வர்ற பெண்களைக் கேட்டுப் பாருங்க.

இனி எரிச்சல் பக்கம். முதல்ல கரன்ட். 12 வோல்ட், 200 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில இருப்பது சுமார் 2.4 யூனிட். மணிக்கு ஒரு யூனிட் இழுக்கும் ஏசியைப் போட்டா ரெண்டரை மணி நேரம்கூட தாங்காது. பங்குனி, சித்திரையில பாதி ராத்திரிக்கே வேன் இட்லிக் குண்டான் ஆகிடும். கூரையில சோலார் போட்டாலும், அது பகல் முழுக்கச் சேர்த்ததை ஏசி ஒரே மூச்சுல குடிச்சிடும்.

அடுத்து தண்ணி. தர்மபுரியில போர் தண்ணியைக் கண்ணை மூடிட்டு டேங்க்ல நிரப்பிக் குடிக்கக் கூடாது. இந்த மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். பல தலைமுறையா பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்டதால்தான் ஜப்பான் கடனுதவியோட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. பாத்திரம் கழுவ போர் தண்ணி ஓகே. குடிக்க, சமைக்க தனி கேன்ல நல்ல தண்ணி வேணும். இதைவிட தர்மசங்கடமான கேள்வி, டாய்லெட் டேங்க் நிரம்பினா எங்க காலி பண்றது? காவிரியில கொட்டுறதா?

எல்லாத்தையும்விடப் பெரிய சிக்கல் ராத்திரிதான். 'நினைச்ச இடத்துல நிறுத்தித் தூங்கலாம்'னு ரீல்ஸ் சொல்லும். இங்க முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமா அறிவிக்கப்பட்டது. யானை நடமாடும் காடு அது. அனுமதி இல்லாம உள்ள வண்டியை ஒதுக்கிப் படுத்தா வனத்துறை வந்து எழுப்பும். யானை வந்து எழுப்பினா இன்னும் மோசம். சரி, நெடுஞ்சாலை ஓரம்? தொப்பூர் கணவாயை நினைச்சுப் பாருங்க. சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில் பிரேக் பிடிக்காத லாரி முன்னாடி போற வண்டிகள் மேல மோதின செய்தியை எத்தனை தடவை படிச்சிருப்போம்? 2024 ஜனவரி விபத்தின் வீடியோ இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. தண்ணி டேங்க், பேட்டரின்னு எடை ஏத்தின வேனும் அந்த இறக்கத்துல லோ கியர்லதான் இறங்கணும். அங்க ஓரமா நிறுத்தி டீ போடுறதெல்லாம் நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க.

இத்தனைக்கும் இந்த வாழ்க்கை தர்மபுரி ரோட்டுக்குப் புதுசே இல்ல. நாமக்கல், சங்ககிரி லாரி டிரைவர் அண்ணன்கள் கேபினிலேயே தூங்கி, லாரிக்குப் பக்கத்துல ஸ்டவ் பத்தவெச்சு சோறு பொங்கி, வருஷக்கணக்கா இதே ரோட்டுல வாழ்றாங்க. அவங்களை யாரும் 'வேன் லைஃப்'னு ஹேஷ்டேக் போட்டுக் கொண்டாடல. நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்ற விதியே 2025 அக்டோபரில் இருந்துதான். கார்த்திகையில கர்நாடகா, ஆந்திராவில் இருந்து மாலை போட்டு வர்ற வேன்கள் வேற. சமையல் சாமானோட வந்து, ரோட்டோரம் அடுப்பு மூட்டி, பாயை விரிச்சுப் படுக்கிறவங்க அவங்க.

உருளும் வீட்டை எங்க நிறுத்துறோம், எப்படிச் சமைக்கிறோம்ங்கிறது உயிர் விஷயம். 2023 ஆகஸ்ட்டில் மதுரை ரயில் நிலையம் அருகே நின்ற சுற்றுலா ரயில் பெட்டி எரிந்து, உத்தரப்பிரதேசத்தில் இருந்து வந்த 9 பேர் இறந்தாங்க. விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம். பழைய டிராவலரை வாங்கி நீங்களே கேம்பரா மாத்தி, வீட்டு சிலிண்டரை உள்ள வைக்கும் ஐடியா இருந்தா இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அப்படி இஷ்டத்துக்கு மாத்த விடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொல்லியிருக்கு. மோட்டார் கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ்.-124 என்ற தர விதி இருக்கு. அதன்படி கட்டின வண்டியா, ஆர்.சி. புத்தகத்தில் அது ஏறியிருக்கான்னு பார்த்து வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

அதனால, பணக்கார டூரிஸ்ட்டுக்கு மட்டும் சொகுசு கேரவன் பார்க் கட்டுறது தர்மபுரிக்குப் பொருந்தாதுங்கிறது என் கருத்து. லாரி ஓட்டுநர்களுக்காக பெட்ரோல் பங்க்குகளில் 'அப்னா கர்' ஓய்விடங்கள் வந்துட்டு இருக்கு. அதையே கொஞ்சம் பெருசாக்கலாம். சமதளமான இடம், குடிதண்ணிக் குழாய், காசு போட்டா கரன்ட் தரும் பிளக், கழிவை இறக்க ஒரு தொட்டி, அடுப்பு வைக்க தனி ஷெட், விளக்கு, பெண்களுக்குப் பூட்டு உள்ள பாத்ரூம். லாரி ஒரு பக்கம், சாமி வேன் ஒரு பக்கம், உங்க கேம்பர் ஒரு ஓரம். வருஷம் முழுக்க வாடிக்கையாளர் இருக்கிற இடம் நஷ்டத்துல ஓடாது.

அதுவரைக்கும் கிளம்புறவங்களுக்கு: பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எவ்வளவுன்னு காலையிலேயே செய்தியில பாருங்க. கூடினா பரிசலும் குளியலும் தடை ஆகிடும். இருட்டுறதுக்கு முன்னாடியே பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறங்கிடுங்க. ஏதாவது ஒரு லாட்ஜ்ல போன் பண்ணி, பார்க்கிங்குக்கும் பிளக்குக்கும் எவ்வளவுன்னு முன்கூட்டியே பேசிக்கோங்க. ஆடிப்பெருக்கு அன்னிக்கு மட்டும் வேனை எடுக்கவே வேணாம், பஸ்ல போங்க!