வீட்டுக்கு வீடு: மெஷின் பிழிய மாட்டேன் என்கிறதா?

“அக்கா, மெஷின் நல்லாத் துவைக்குது, அலசவும் செய்யுது. கடைசியில பிழியத்தான் மாட்டேங்குது. கதவைத் திறந்தா துணியெல்லாம் சொட்டச் சொட்டக் கிடக்கு. மெக்கானிக்கைக் கூப்பிடணுமா?”

தூத்துக்குடிப் பக்கத்துச் சகோதரிகள் பலருக்கும் வருகிற சங்கடம் இது. அதுவும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், கைக்குழந்தை உள்ள வீட்டில் இப்படி ஆனால் அந்தத் தாயின் பாட்டைச் சொல்லவா வேண்டும்?

பதற வேண்டாம். முன்பக்கம் கதவு வைத்த மெஷின் பிழிய மறுத்தால், பல சமயம் அது தன்னைத் தானே காத்துக் கொள்கிறது என்றுதான் அர்த்தம். பிழியும்போது உள்ளே இருக்கும் டிரம் நிமிடத்துக்கு 1,000 சுற்று, அதற்கு மேலும்கூடச் சுற்றும். அந்த வேகத்தில் அரைக்கிலோ ஈரத்துண்டு ஒன்று ஒரே பக்கமாகத் திரண்டு நின்றால், 100 கிலோவுக்கு மேற்பட்ட பளுவைப் போல டிரம்மை இழுக்கும். மெஷினே குதித்து நகர்ந்துவிடும். ஆகவே, துணி சமமாகப் பரவாவிட்டாலும், உள்ளே தண்ணீர் நின்றாலும், கதவு சரியாகப் பூட்டிக் கொள்ளாவிட்டாலும் அது வேகம் எடுக்காது.

முதலில் கதவுக் கண்ணாடி வழியே பாருங்கள். தண்ணீர் நிற்கிறதா?

தண்ணீர் இல்லை என்றால் இவற்றைக் கவனியுங்கள்:

1. நீங்கள் வைத்த புரோகிராம் என்ன? கம்பளி, மெல்லிய துணிகளுக்கான புரோகிராமில் மெஷின் மெதுவாகத்தான் பிழியும். வீட்டுச் சுட்டி எதையாவது திருகி, ஸ்பின் வேகத்தைப் பூஜ்யத்தில் வைத்திருக்கவும் கூடும்.

2. ஒற்றை ஜமுக்காளமோ, ஒரே ஒரு பெரிய துண்டோ மட்டும் போட்டீர்களா? அது பந்தாகச் சுருண்டுவிடும். கூட நாலைந்து சின்னத் துணிகளைச் சேர்த்து, உதறிப் போட்டு, ‘ஸ்பின்’ மட்டும் வைத்துப் பாருங்கள். டிரம்மை அடைத்துத் திணித்திருந்தால் பாதியை எடுத்து விடுங்கள்.

3. கண்ணாடி முழுக்க நுரையா? போர் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருப்பதால் பவுடரைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டுப் பழகியிருப்பீர்கள். அதே அளவைத் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரிலும் போட்டால் நுரை பொங்கும். நுரை நிறைந்தால் பம்ப் திணறும், டிரம்மும் வேகம் எடுக்காது. பவுடர் போடாமல் ஒருமுறை அலச விட்டுப் பிறகு பிழிய வையுங்கள். இந்த மெஷினுக்கென்று விற்கிற குறைந்த நுரை பவுடரே உகந்தது.

4. கதவின் ரப்பர் விளிம்பில் குழந்தையின் காலுறை ஏதும் மாட்டியிருக்கிறதா? எடுத்துவிட்டு, ‘டக்’ என்ற சத்தம் வரும்படி சாத்துங்கள்.

தண்ணீர் நின்றால், வெளியேற்றும் குழாயைப் பாருங்கள். மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் மடிந்து நசுங்கியிருக்கலாம். பொதுவாக அதன் முனை தரையிலிருந்து இரண்டடிக்கு மேலும் மூன்றடிக்குள்ளும் இருப்பது நல்லது.

அடுத்து பில்டர். இங்கே முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. ஆனால் பில்டருக்குள் குளித்தால் சட்டைப் பொத்தான், சில்லறை, ஊக்கு, பையன் முத்துநகர் கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல் எல்லாம் அகப்படும்! அதை எடுக்கும் முறை இது:

ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி விடுங்கள். வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறும் வரை பொறுங்கள். குழந்தையை வேறு அறையில் விடுங்கள். முன்புறம் கீழ்மூலையில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதன் கீழே அகலத் தட்டு ஒன்றை வைத்து, உள்ளே இருக்கும் திருகை இடப்பக்கமாக மெள்ள மெள்ளத் திருப்புங்கள். ஒரேயடியாகத் திறந்தால் வீடு குளமாகிவிடும். தண்ணீர் வடிந்ததும் பில்டரைக் கழற்றி, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி, இறுக மூடுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

திருச்செந்தூரில் கடலாடிவிட்டு வந்த துணிகளை அப்படியே மெஷினில் போடவே கூடாது. மணலை உதறி, ஒரு வாளித் தண்ணீரில் அலசிய பிறகே போட வேண்டும். ‘டயப்பர்’ தவறி விழுந்து உள்ளே வெடித்தாலும் அதன் பஞ்சும் பசையும் பம்பை அடைத்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு சுற்றவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பெல்ட் நழுவியிருக்கலாம், மோட்டாரில் கார்பன் தேய்ந்திருக்கலாம், அடியில் புகுந்த எலி வயரைக் கடித்திருக்கலாம். கடலைப் பார்த்த பால்கனியில் வைத்த மெஷின் என்றால் உப்புக் காற்றில் வயர் முனைகள் துருப்பிடித்திருக்கலாம். சுற்றும்போது கடகடவென்று இரைந்தால் பேரிங் பழுது. “தண்ணி வெளியே போகுது, கதவு பூட்டுது, ஆனா டிரம் சுத்தல” என்று அவரிடம் விவரமாகச் சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரு விஷயத்தில் மட்டும் சோதனையே வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, நினைவிருக்கிறதா? அப்படி வெள்ளநீர் புகுந்து நனைந்த மெஷினை, வெளியே காய்ந்துவிட்டது என்று நம்பி ஸ்விட்ச் போடாதீர்கள். உள்ளே ஈரமும் சேறும் தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து. மெக்கானிக் பிரித்துப் பார்த்து, எர்த் சரியா என்று சோதித்த பிறகுதான் பிளக்கைச் செருக வேண்டும். தொட்டால் சுரீர் என்கிற மெஷினுக்கும் இதே விதிதான்.

அதுவரை? இரண்டு பேராய் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்த நம் பழைய வித்தை கைவசம் இருக்கவே இருக்கிறது. வீட்டுக்காரரையும் ஒரு முனை பிடிக்கச் சொல்லுங்களேன்!