காவலுக்குக் கட்டிய நாய்

அண்மையில் கல்முனைக்குச் சென்றிருந்தபோது, என்னிலும் இளையவரான நண்பரொருவரின் நெல் களஞ்சியத்துக்குப் போக நேர்ந்தது. பின்புறத்தில் ஒரு நாய் சங்கிலியில் கிடந்தது. காது மடிப்புகளில் உண்ணிகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. சங்கிலி உராய்ந்து கழுத்துப் புண்ணாகியிருந்தது. "இதைக் குளிப்பாட்டுவதில்லையா?" என்று கேட்டேன்.

"தொட்டா ஏழு தரம் கழுவணுமே காக்கா. அதனால ஒருத்தரும் கிட்டப் போறதில்ல. கள்ளன் வந்தாக் குரைச்சாப் போதும்" என்றார்.

அந்தப் பதிலில் மார்க்கமும் இருக்கிறது, அலட்சியமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் கரையோர முஸ்லிம் ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றுவது ஷாபிஈ மத்ஹப். அதன்படி நாய் கடும் அசுத்தம். ஈரத்துடன் பட்ட இடத்தை ஏழு தரம், அதில் ஒரு தரம் மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். மாலிகி மத்ஹபினர் நாயை அசுத்தமாகக் கொள்வதில்லை. அந்த விவாதத்துக்குள் நான் புகவில்லை. வீட்டுக்குள் நாய் வளர்க்கச் சொல்லவும் வரவில்லை. ஆனால் வேட்டைக்கும், மந்தைக்கும், பயிர்க் காவலுக்கும் நாய் வைத்திருக்க நபிமொழியில் அனுமதி இருக்கிறது. ஏழு தரம் கழுவுதல் நமது கைக்கான சட்டம். நாயை அழுக்கில் விட்டுவிடுவதற்கான அனுமதிப் பத்திரமன்று. தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதையும், பூனையை அடைத்துப் பட்டினி போட்ட பெண் நரகம் புகுந்ததையும் பள்ளிவாசலில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

கரைவாகு வட்டையில் என் வாப்பாவின் வயல் வாடியில் ஒரு நாய் இருந்தது. மாதம் ஒரு தடவை அதை வாய்க்காலில் இறக்கித் தேய்த்துக் கழுவுவார். பிறகு மண்ணெடுத்துத் தன் கைகளைக் கழுவி, உடுப்பை மாற்றிக்கொண்டு தொழப் போவார். ஏழு தரம் கழுவுவது அவருக்கு ஒரு சுமையாகத் தெரிந்ததேயில்லை.

செய்ய வேண்டியதும் அதிகமில்லை. நமது நாட்டு நாய்களுக்கு முடி குட்டை. மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை குளிப்பாட்டினால் போதும். அடிக்கடி கழுவினால் தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசை போய்விடும். நாம் பூசும் சவர்க்காரமும் ஷாம்பும் அதன் தோலுக்கு ஒத்துவராதவை. நாய்க்கென்றே விற்பனைக்கு உள்ளவற்றை வாங்குவது நல்லது. காதுக்குள் நீர் போகாமல் பார்த்து, பழைய துவாயால் நன்றாக ஈரம் துவட்ட வேண்டும். கடற்கரைப் புழுக்கத்தில் ஈரம் தங்கினால் தோல் புண்படும். வாரம் ஒரு தடவை தூரிகையால் வாரும்போதே காது, கழுத்து, கால்விரல் இடுக்குகளைப் பார்த்துவிடலாம். நகத்தின் நுனியை மட்டும் வெட்ட வேண்டும். உள்ளே இரத்தக் குழாய் ஓடுகிறது.

உண்ணிக்கு மண்ணெண்ணெயும், வயலுக்கு அடித்து மிஞ்சிய பூச்சிநாசினியும் பூசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இது கொடுமை. நாய் தன் உடலை நக்கும். பூசிய நஞ்சு வயிற்றுக்குள் போகும். இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து, உண்ணியை நசுக்காமல் நேராக இழுத்தெடுக்க வேண்டும். இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்புகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகையால் நாய் படுக்கும் இடத்தையும் சுத்தம் செய்யாவிட்டால் பயனில்லை. உண்ணி அதிகமானால் அரச கால்நடை வைத்தியரிடம் மருந்து கேட்பதே முறை.

இதில் மனித உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது. 1973 இல் இலங்கையில் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் மாண்டனர். அந்தத் தொகை இன்று சில பத்துகளாகக் குறைந்திருப்பதற்கு நாய்களுக்கு ஏற்றிய தடுப்பூசி ஒரு முக்கிய காரணம். நோய்க்குறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. ஆண்டுதோறும் ஊசி ஏற்ற வேண்டுமானால் நாயைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். பிறந்தது முதல் எவர் கையும் படாத நாய், ஊசி ஏற்ற வருபவரைக் கடிக்கத்தான் பார்க்கும். குளிப்பாட்டிப் பழகிய நாய் அடங்கி நிற்கும். எங்கள் ஊர்களில் நாயைத் தொடத் தயங்குகிறோம். அதே ஒழுங்கைகளில்தான் எங்கள் பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவுக்கு நடந்து போகிறார்கள்.

தயக்கமுள்ளவர் றப்பர் கையுறை அணியலாம். ஒரு ஜோடி கையுறை, ஒரு துவாய், ஒரு வாளி தண்ணீர், மாதத்தில் ஒரு மணித்தியாலம். இரவெல்லாம் விழித்துக் காவல் காக்கும் பிராணிக்கு நாம் கொடுக்கும் கூலி இவ்வளவுதான். இதையும் கொடுக்க மனமில்லாதவர்கள் களஞ்சியத்துக்கு ஒரு நல்ல பூட்டு வாங்கிப் போடட்டும்.