குறைமாதக் குழந்தை பிழைத்துவிட்டது, அதன் பிறகு? மூணாறு மலையிலிருந்து ஒரு கணக்கு

கேரளாவில் உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் 5 குழந்தைகள் முதல் பிறந்தநாளுக்கு முன் இறக்கின்றன. இந்திய சராசரி 25. இது 2023-ம் ஆண்டுக்கான மாதிரிப் பதிவு முறை (எஸ்ஆர்எஸ்) கணக்கு. பெரிய மாநிலங்களில் இவ்வளவு குறைவான எண் வேறு எங்கும் இல்லை.

நிச்சயம் பாராட்ட வேண்டிய எண்தான். ஆனால், குழந்தை உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டும்தான் அது சொல்லும். நிமிர்ந்து உட்காருகிறதா, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, மிக்ஸி ஓடினாலே ஏன் அலறுகிறது என்பதெல்லாம் அதில் வராது. ஒரு தலைமுறைக்கு முன்பு பிழைப்பதே அரிதாக இருந்த 28, 29 வாரக் குழந்தைகள் இன்று பிழைத்து வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களில் பலருக்கு அடுத்த ஐந்தாறு வருடங்கள் இந்தக் கேள்விகளோடுதான் போகின்றன.

அந்த வருடங்கள் எப்படிப் போகும் என்பதை ஓரளவுக்கு மேல் மருத்துவம் மட்டும் தீர்மானிப்பதில்லை. மருத்துவமனை எவ்வளவு தூரம், ஒருநாள் கூலி போனால் தாங்குமா, வீட்டில் எந்த மொழி பேசுகிறார்கள், கையில் என்ன சான்றிதழ் இருக்கிறது என்பவையும் தீர்மானிக்கின்றன. இதைப் பார்க்க இடுக்கி மாவட்டத்தின் மாட்டுப்பட்டி ஒரு நல்ல இடம். சுற்றுலாப் பயணிகளுக்கு அது அணை, படகு, 1963-ல் தொடங்கிய இந்தோ-சுவிஸ் மாட்டுப் பண்ணை. அங்கே வாழும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு, எந்தப் பெரிய மருத்துவமனைக்குப் போனாலும் மலை இறங்கியாக வேண்டிய ஊர்.

குறைமாதம் என்றால் எவ்வளவு குறைவு?

37 வாரம் நிறைவதற்குள் பிறந்தால் குறைப்பிரசவம். 32 முதல் 37 வாரத்துக்குள் பிறப்பவர்களே அதிகம். 28 முதல் 32 வாரத்துக்குள் என்றால் மிகக் குறைமாதம். 28 வாரத்துக்கும் முன்பு பிறப்பவர்கள் இன்னும் ஆபத்தான நிலையில் இருப்பவர்கள்.

2020-ல் உலகம் முழுவதும் சுமார் 1.34 கோடி குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக 2023-ல் லான்செட் இதழில் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அதில் இந்தியாவில் மட்டும் சுமார் 30 லட்சம். எண்ணிக்கையில் உலகிலேயே முதலிடம் நமக்குத்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். குறைமாதத்தில் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் பிரச்னை வருவதில்லை. பெரும்பாலானோர் நன்றாகவே வளர்கிறார்கள். ஆனால் வாரம் குறையக் குறைய, நடப்பதில், பேசுவதில், கவனத்தில், பார்வையில், கேட்பதில் சிக்கல் வரும் வாய்ப்பு கூடுகிறது. குறைமாதத்தில் பிறந்தவர்களிடம் ஆட்டிசம் சுமார் 7 சதவிகிதம் என்று 2018-ல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. பொது மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இது தெளிவாகவே அதிகம்.

புலன்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கருப்பை இருட்டான இடம். சத்தம் நீர் வழியாக அமுங்கித்தான் வரும். குழந்தை மிதந்துகொண்டே இருக்கும். மூளையில் தொடுதல், சமநிலை, கேட்டல், பார்வை ஆகியவற்றுக்கான இணைப்புகள் இந்தச் சூழலில்தான் ஒவ்வொன்றாக உருவாகின்றன. பார்வை கடைசியாகத்தான் வரும்.

28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு மீதி 12 வாரத்தில் பெரும்பகுதி என்ஐசியூவில் நடக்கிறது. மேலே விளக்கு, பக்கத்தில் மானிட்டரின் பீப் சத்தம், குதிகாலில் ஊசி, முகத்தில் பிளாஸ்டர். புதிதாகப் பிறந்தவர்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 1997-லேயே சொன்னது. நடைமுறையில் பல இடங்களில் அது தாண்டிவிடுகிறது.

சில குழந்தைகளிடம் இதன் தடம் வீட்டுக்கு வந்த பிறகு தெரியும். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொள்வார்கள். இட்லி இறங்கும், பருக்கை சோறு குமட்டும். தலைக்குக் குளிப்பாட்டுவதும் நகம் வெட்டுவதும் தினம் ஒரு போராட்டமாக இருக்கும். இதற்கு நேர்மாறாக, எவ்வளவு ஆட்டினாலும் போதாமல் சுற்றிக்கொண்டே இருக்கிற குழந்தைகளும் உண்டு. பார்ப்பவர்கள் 'அடம்', 'செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க' என்பார்கள். உண்மையில் அது அடமே இல்லை. வரும் தகவலை மூளை வரிசைப்படுத்த முடியாமல் திணறுகிறது, அவ்வளவுதான்.

இப்போது இந்தக் குழந்தையை ஒரு தோட்ட லயத்தில் வைத்துப் பாருங்கள். வரிசை வீடுகள், நடுவில் ஒரே சுவர். பக்கத்து வீட்டு டிவி நம் வீட்டிலும் கேட்கும். குளிருக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டே ஆக வேண்டும், ஆனால் கம்பளி உடம்பில் பட்டாலே குழந்தை கத்தும். 'அமைதியான அறையில் வையுங்கள்' என்ற ஆலோசனைக்கு முதலில் ஒரு தனி அறை வேண்டுமே!

வயதை எப்படிக் கணக்கிடுவது?

பெற்றோரை அதிகம் குழப்புவது இதுதான். 28 வாரத்தில் பிறந்த குழந்தை 12 வாரம், அதாவது ஏறக்குறைய 3 மாதம், முன்னதாக வந்துவிட்டது. எனவே பிறந்து 9 மாதம் ஆகும்போது அதன் 'திருத்திய வயது' 6 மாதம். அந்த வயதில் பக்கத்து வீட்டுக் குழந்தை தவழ்ந்தால் நாம் பயப்பட வேண்டியதில்லை.

2 வயது வரை வளர்ச்சியைத் திருத்திய வயதில்தான் அளக்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான் கணக்கு. அதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஆனால் இந்தச் சலுகையே சில நேரம் ஆபத்தாகிறது. 'குறைமாசம்தானே, வளர வளரச் சரியாகிடும்', 'இவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்' என்று ஒவ்வொரு மாதமும் தள்ளிப்போகும். திருத்திய வயதுக்குப் பிறகும் தாமதம் இருந்தால் அது காத்திருக்கும் நேரம் இல்லை.

தவறவிட்டால் என்ன ஆகும்?

இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. 1996-ல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29-வது வாரத்தில் 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைத் தாக்கும் ஆர்ஓபி பற்றிப் பெற்றோருக்கு யாரும் எச்சரிக்கவில்லை, பரிசோதனையும் நடக்கவில்லை. குழந்தை பார்வையை இழந்தது. 2015 ஜூலை 1-ல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

இந்தியாவில் 34 வாரத்துக்குக் குறைவாகவோ 2,000 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு, பிறந்து 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடக்க வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்பே. கேட்டல் திறனுக்கும் ஒரு காலக்கெடு உண்டு. 1 மாதத்துக்குள் முதல் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சை. சோதனை கடினமானது அல்ல. சரியான நாளில், சரியான இடத்தில் குழந்தை இருக்க வேண்டும் என்பதுதான் கடினம்.

மலையிலிருந்து தெரபி எவ்வளவு தூரம்?

மாட்டுப்பட்டியில் இருந்து மூணாறு சுமார் 13 கி.மீ. அங்கிருந்து கொச்சி சுமார் 130 கி.மீ. போடிமெட்டு வழியாகக் கீழே இறங்கினால் தேனி சுமார் 90 கி.மீ. இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதையே கிடையாது. எல்லாப் பயணமும் கொண்டை ஊசி வளைவுகளில்தான். ஆட்டமும் வாடையும் தாங்காத குழந்தைக்கு அந்தப் பயணமே ஒரு சோதனை.

ஒரு எளிய கணக்கு போடுவோம். வாரத்துக்கு இரண்டு தெரபி என்றால் வருடத்துக்கு 104 நாள். ஒவ்வொரு முறையும் முழு நாள் போய்விடும். வருடத்துக்குச் சுமார் 300 நாள் கொழுந்து பறிக்கும் ஒரு தாய்க்கு அது மூன்றில் ஒரு பங்கு வருமானம். 2015 செப்டம்பரில் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் மூணாறு சாலையை நிரப்பிய பெண்கள், 232 ரூபாயாக இருந்த தினக்கூலியை 500 ஆக்கக் கேட்டுப் போராடினார்கள். கிடைத்தது 301. கூலி அதன் பிறகு உயர்ந்திருக்கிறது. ஆனால் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்ற கணக்கு மாறவில்லை.

அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்கும் இன்னொரு கணக்கு இருக்கிறது. மகப்பேறு விடுப்பு 26 வாரம். 28 வாரத்தில் பிறந்த குழந்தை பத்து வாரம் மருத்துவமனையில் இருந்தால், வீட்டில் கிடைப்பது 16 வாரம். பிரசவத்தன்றே விடுப்பு தொடங்கியிருந்தாலும், அது முடியும்போது குழந்தையின் திருத்திய வயது மூன்றரை மாதம்கூட ஆகியிருக்காது. குறைப்பிரசவத்தால் தாய்க்கு உடல்நலக் குறைவு ஏற்பட்டால் கூடுதலாக ஒரு மாதம் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு என்று 1961 மகப்பேறு நலச் சட்டத்தின் 10-வது பிரிவு சொன்னது. அது தாயின் நோய்க்கானது. குழந்தை என்ஐசியூவில் இருப்பதற்காகவே பிரிட்டன் 2025 ஏப்ரல் முதல் பெற்றோருக்கு 12 வாரம் வரை கூடுதல் விடுப்பு தருகிறது.

எல்லைப்புறத்துக்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. பேச்சும் உறவும் தேனிப் பக்கம் இருக்கலாம். ஆனால் ரேஷன் கார்டு கேரளாவுடையது. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குத்தான். கேரளப் பக்கம் போனால் தெரபிஸ்ட் மலையாளத்தில் பேசுவார். பேச்சுப் பயிற்சி என்பது வீட்டில் பேசும் மொழியில் நடக்க வேண்டியது. 'குழந்தை எத்தனை வார்த்தை சொல்லுது?' என்ற கேள்வியே அம்மாவுக்குப் புரியும் மொழியில் வர வேண்டும்.

அரசு என்ன தருகிறது?

2013 பிப்ரவரியில் தொடங்கிய ஆர்பிஎஸ்கே என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரை பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் மாவட்ட அளவிலான ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறது. வளர்ச்சித் தாமதமும் அதன் பட்டியலில் இருக்கிறது. சேவை இலவசம். முக்கியமாக, இதற்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் தேவையில்லை.

சான்றிதழ் என்று வந்தால்தான் சிக்கல். 2016 சட்டம் 21 வகை மாற்றுத்திறனை அங்கீகரிக்கிறது. ஆட்டிசமும் பெருமூளை வாதமும் அதில் உண்டு. புலன் ஒருங்கிணைப்புச் சிக்கல் தனி வகையாக இல்லை. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவிகிதம் பாதிப்பு இருக்க வேண்டும். ஆட்டிசம், பெருமூளை வாதம் போன்றவற்றுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தரும் 'நிராமயா' காப்பீடும் அந்த நான்கைந்து பெயர்களுக்குள்தான். சத்தம் தாங்காத, பென்சில் பிடிக்கத் திணறுகிற, ஆனால் எந்தப் பெயருக்குள்ளும் அடங்காத குழந்தை நடுவில் நிற்கிறது.

அந்த நடுப்பகுதிக்கும் உரிமை உண்டு. 40 சதவிகிதம் இல்லை என்பதற்காகத் தேர்வில் உதவி எழுத்தாளரை மறுக்க முடியாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு பள்ளியிடம் நியாயமான வசதி கேட்கும் பெற்றோர் இதைத் தெரிந்து வைத்திருக்கலாம்.

தெரபியே வீட்டுக்கு வந்தால்?

இது வெறும் ஆசையில்லை. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. நிபுணர் அல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர்கள் பெற்றோருக்குக் கற்றுத்தந்தார்கள். பெற்றோரும் குழந்தையும் தொடர்புகொள்ளும் விதம் மேம்பட்டதாக 2016-ல் லான்செட் சைக்கியாட்ரியில் முடிவு வெளியானது.

மூணாறிலும் முன்மாதிரி இருக்கிறது. டாடா டீ காலத்தில், 1991-ல், தோட்டத் தொழிலாளர்களின் மாற்றுத்திறன் குழந்தைகளுக்காக டேர் பள்ளி தொடங்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக வந்த சிருஷ்டி அறக்கட்டளையின் இயற்கைச் சாயப் பட்டறையிலும் காகிதப் பட்டறையிலும் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். மலையிலேயே ஓர் ஏற்பாடு சாத்தியம் என்பதற்கு இது சாட்சி. ஆனால் குறைமாதக் குழந்தைக்குப் பள்ளி வயதுக்கு முந்தைய மூன்று வருடம்தான் தலையாயது.

அந்த வருடங்களில் கதவைத் தட்டக்கூடியவர் ஆஷா பணியாளர். 3, 6, 9, 12, 15-வது மாதங்களில் வீட்டுக்கு வர வேண்டும் என்று 2018 முதல் தேசியத் திட்டமே இருக்கிறது. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய 17 கேள்விகள் கொண்ட அட்டவணையை வைத்து, 2 வயது வரை வளர்ச்சியைச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். ஆனால் அதே கேரளாவில் 2025 பிப்ரவரி 10 முதல் ஆஷா பணியாளர்கள் மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்கக் கோரி தலைமைச் செயலகம் முன்பு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். கதவைத் தட்டுபவரின் சம்பளமும் குழந்தையின் சிகிச்சைதான்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

• டிஸ்சார்ஜ் தாளில் பிறந்த வாரம், எடை, ஆர்ஓபி தேதி, கேட்டல் சோதனை, அடுத்த வளர்ச்சிப் பரிசோதனை தேதி ஆகியவற்றை எழுதி வாங்குங்கள்.

• ஆஷாவிடமும் அங்கன்வாடியிலும் திருத்திய வயதைச் சொல்லுங்கள்.

• திருத்திய வயதில் 4 மாதத்தில் தலை நிற்கவில்லை, 9 மாதத்தில் உட்காரவில்லை, 12 மாதத்தில் பெயருக்குத் திரும்பவில்லை, 18 மாதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை என்றால் காத்திருக்க வேண்டாம். வந்த திறன் மறைந்துபோனால் எந்த வயதிலும் உடனே போங்கள்.

• நோயின் பெயர் உறுதியாகும் வரை தெரபியைத் தள்ளிப்போடாதீர்கள்.

• தெரபிஸ்ட்டிடம் 'இதை நாங்க வீட்டிலேயே எப்படிச் செய்யுறது?' என்று கேட்டு, அனுமதியோடு போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையோடு அதிக நேரம் இருக்கும் பாட்டிக்கும் அதைக் காட்டுங்கள்.

எந்த எண்ணைக் கேட்க வேண்டும்?

சிசு மரண விகிதத்தை நாம் தெரிந்து வைத்திருப்பதற்குக் காரணம், யாரோ வருடாவருடம் அதை எண்ணுகிறார்கள். அதேபோல இன்னொன்றையும் எண்ணலாம். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய குறைமாதக் குழந்தைகளில் எத்தனை பேரைத் திருத்திய வயது 2-ல் மறுபடி பார்த்தோம்? தேவிகுளம் தாலுகாவில் எத்தனை, எர்ணாகுளம் நகரத்தில் எத்தனை? அம்மாவின் மொழியில் பேசிப் பார்த்தது எத்தனை பேரை? மருத்துவமனையின் பதிவேடும் ஆஷாவின் பதிவேடும் ஒன்றோடொன்று பேசினால் இந்த எண் கிடைத்துவிடும். அடுத்த முறை சட்டமன்றத்தில் குழந்தைகள் நலம் பற்றிப் பேச்சு வரும்போது, உங்கள் எம்.எல்.ஏ.விடம் கேட்க வேண்டிய கேள்வி இது.