மறு வேறு, மாசு வேறு

என் இடக் கன்னத்தில் ஒரு செம்மறு உண்டு. மன்றக் கூட்டங்களில் என்னைக் கண்டோர் அறிவர், கேட்கத் தயங்கியிருப்பர். இன்று நானே சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்த இரண்டாம் வாரத்தில் அது சிறு புள்ளியாகத் தோன்றியதாம். ஆறு மாதத்தில் கோவைப் பழம் போலச் சிவந்து புடைத்ததாம். பள்ளி செல்லும் வயதில் தானே வாடிவிட்டது. இன்று எஞ்சியிருப்பது, மெல்லிய சிவப்பிழைகள் ஓடும் காசளவுத் தோல். மருத்துவர்கள் இதனை ஹெமாஞ்சியோமா என்பர். குருதிக் குழாய்கள் அளவு மீறிப் பெருகுவதால் வரும் கட்டி இது, புற்று அன்று, பெரும்பாலும் தானே சுருங்குவது.

எங்கள் ஊரிலோ வேறு காரணம் வைத்திருக்கிறார்கள். "கிரகணத்தன்று உன் அம்மா வீட்டுக்குள் அடங்கி இருக்கவில்லை" என்பதே அது. இருபத்து மூன்று ஆண்டுகளாக அந்தச் சொல்லை என் தாய் சுமக்கிறாள். தில்லிக்கு வந்தபின், பீகாரிலிருந்து வந்த என் விடுதித் தோழி தன் ஊரிலும் அதே கதை உண்டென்றாள். மொழி மாறினும் பழி மாறவில்லை!

சென்ற கோடை விடுமுறையில் திருநெல்வேலிக்குச் சென்றிருந்தேன். "லேசர் வைத்து எடுத்துவிடு, பிறகு மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொல்லலாம்" என்றார் அத்தை. அம்மா அடுப்படியில் தலைகுனிந்து நின்றாள். அன்று நான் வாளாவிருந்தேன். இன்று பேசுகிறேன்.

லேசருக்கு நான் பகையல்லேன். நான் இயற்பியல் மாணவி. ஒளியோடுதான் என் பகலெல்லாம் கழிகிறது. 1960இல் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். 1983இல் ஆண்டர்சன், பாரிஷ் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், சுற்றியுள்ள தோலைக் காத்துக் குறித்த இலக்கை மட்டும் சுடும் நெறியை வெளியிட்டனர். 595 நானோமீட்டர் மஞ்சள் ஒளியைக் குருதியின் செந்நிறப் பொருள் நன்கு ஈர்த்துக்கொள்ளும். குழாயில் ஏறிய சூடு அயலிடம் பரவுமுன் ஒளித்துடிப்பு முடிந்துவிடும். குழாய் சுருங்கும், சிவப்பு மங்கும்.

ஆயினும் இதற்கு எல்லை உண்டு. பலமுறை செல்ல நேரும். சிவப்பு மங்கினாலும், தளர்ந்த தோலும் கொழுப்பு மேடும் இந்த ஒளியால் மறையா. நம் மாநிறத் தோலின் கருநிறமியும் அதே ஒளியை ஈர்க்கும். கைதேராதவரிடம் சென்றால் சிவப்பு போய்க் கறுப்போ வெளுப்போ படியும். ஆகவே "ஒரே நாளில் மாயம்" என்னும் விளம்பரங்களை நம்பாதீர். தேர்ந்த தோல் மருத்துவரை நாடுங்கள்.

இன்று பிறக்கும் குழந்தைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. இதய நோய்க்குத் தரும் ப்ரோப்ரனலால் மருந்து இக்கட்டியையும் சுருக்குகிறதென்று பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் 2008இல் அறிவித்தனர். எல்லாக் குழந்தைக்கும் அது வேண்டியதில்லை. ஆனால் கண், மூக்கு, உதடு ஆகியவற்றின் அருகே வளர்வதை முதல் சில வாரங்களிலேயே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கிரகணத்தையும் தாயையும் குறைசொல்லிக்கொண்டிருக்கும் வீட்டில் அந்த வாரங்களன்றோ வீணாகின்றன!

நான் சிகிச்சை செய்துகொள்வேனா? செய்துகொள்ளலாம், கண்ணாடி முன் நின்று நானே விரும்பும் நாளில். பெண் பார்க்க வருவோரின் கண்ணுக்காக அன்று. செய்துகொள்வோரை எள்ளுவதும் தவறே. அவரவர் முகம் அவரவர்க்கு உரியது.

என் கன்னத்து மறுவை ஒளி மங்கச் செய்யலாம். என் தாய்மேல் சுமத்திய மாசை எந்த ஒளி நீக்கும்? அது நம் வேலை. தீபாவளிக்கு ஊர் செல்கிறீர்கள். எவரேனும் ஒரு பிள்ளையின் முகத்தைக் காட்டிக் கிரகணக் கதை தொடங்கினால் வாளாவிராதீர், தோழர்களே! இம்முறை நானும் வாளாவிரேன்.