புது டிஸ்க் போட்டாச்சு, கொம்பியூட்டர் எழும்பேல்லை!

போன சனிக்கிழமை காலமை, மல்வேர்னில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் அன்ரி ஒருவர் போன் எடுத்தார். "தம்பி, நேரம் இருந்தா ஒருக்கா வந்திட்டுப் போறீங்களோ? கொம்பியூட்டர் செத்துப்போச்சு. அம்மான்ர படமெல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு." குரலைக் கேட்டதும் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனேன்.

விசயம் இதுதான். அவர்களிடம் இருப்பது 2016இல் வாங்கிய மேசைக் கொம்பியூட்டர். சுவிட்சைப் போட்டுவிட்டுக் குசினிக்குப் போய் வந்தாலும் எழும்பி முடிந்திருக்காது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகன், புதுக் கொம்பியூட்டருக்குக் காசைக் கொட்டாமல் ஒரு டெராபைட் எஸ்எஸ்டி வாங்கினான். பழைய ஹார்ட் டிஸ்கில் இருப்பதை அப்படியே புதியதில் படியெடுப்பதற்குக் குளோன் என்று பெயர். அதையும் செய்தான். நல்ல யோசனைதான். எஸ்எஸ்டிக்குள் சுழலும் தட்டு இல்லை, எல்லாம் சிப்தான். பழைய கொம்பியூட்டருக்கு இதைவிடப் பெரிய வித்தியாசம் தரும் பொருள் வேறில்லை.

இரண்டு டிஸ்கும் பூட்டியிருந்தபோது கொம்பியூட்டர் எழும்பியது. படங்களும் தெரிந்தன. வேகமும் கூடினமாதிரித்தான் அவனுக்கு இருந்ததாம். வேலை முடிந்தது என்று பழையதைக் கழற்றினான். கறுப்புத் திரை. தொடங்குவதற்கு டிஸ்க் இல்லை என்று ஒரு வெள்ளை வரி மட்டும்.

நான் போனபோது ஆள் கோபத்தில் நின்றான். "அண்ணா, புது டிஸ்க் பழுது. இதைத் திருப்பிக் குடுத்திட்டு, பழையதை போர்மட் பண்ணி விண்டோசைப் புதுசாப் போடப்போறன்."

"ஒண்டையும் போர்மட் பண்ணாதை. முதல்ல இரண்டையும் பாப்பம்" என்றேன்.

புது டிஸ்க் பழுதில்லை. கொம்பியூட்டரை இயக்கியதும் முதலில் ஓடுவது விண்டோஸ் அல்ல. மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்ன மென்பொருள். பழக்கத்தில் பயாஸ் என்கிறோம். இப்போதைய கொம்பியூட்டர்களில் இருப்பது அதன் புதிய வடிவம், பெயர் யூஇஎஃப்ஐ. அது டிஸ்கில் ஒரு சிறிய பகுதியைத் தேடும். அநேகமாக 100 மெகாபைட் அளவில் இருக்கும். விண்டோஸ் எங்கே இருக்கிறது, எப்படித் தொடங்குவது என்ற விபரம் அதற்குள்தான். சி, டி என்று நாங்கள் பார்க்கும் பட்டியலில் அது வராது.

மகன் படியெடுத்தது சி டிரைவை மட்டும். வீட்டைக் கட்டினான், படலையை வைக்க மறந்துவிட்டான். இரண்டும் பூட்டியிருந்தபோது எழும்பியது முழுக்கப் பழைய டிஸ்கில் இருந்துதான். கூடின வேகம் மனப்பிரமை!

அடுத்து டி டிரைவைப் பார்த்தேன். அன்ரியின் அம்மாவின் படங்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. அதாவது, புதியதில் ஒரு படம்கூட இல்லை. பழையதை போர்மட் பண்ணியிருந்தால் அத்தனையும் போயிருக்கும். நாங்கள் எல்லாரும் திட்டிக்கொண்டிருந்த அந்தக் கறுப்புத் திரைதான் படங்களைக் காப்பாற்றியது.

பிறகு செய்ததெல்லாம் சின்ன வேலை. படங்களை முதலில் ஒரு வெளி டிரைவில் பதிந்தோம். பிறகு பழைய டிஸ்கை, பகுதி பகுதியாகத் தெரிவு செய்யாமல், முழு டிஸ்காகவே குளோன் செய்தோம். கொம்பியூட்டரை நிறுத்தி, பழையதன் வயரைக் கழற்றி, புதியதை மட்டும் விட்டு இயக்கினோம். எழும்பியது. இந்த முறை வேகம் உண்மை.

உங்கள் வீட்டிலும் இப்படி நடந்தால், பதறாமல் இந்த ஒழுங்கில் பாருங்கள்.

முதலாவது, டிஸ்கில் ஏதாவது இருக்கிறதா? கடையில் வாங்கும் எஸ்எஸ்டி வெறுமையானது. விண்டோசைப் பதியவேணும், அல்லது குளோன் செய்யவேணும். பதிவதென்றால் 8 ஜிகாபைட் யூஎஸ்பி ஒன்று போதும். அந்த நேரம் புது டிஸ்க் மட்டும் பூட்டியிருக்கட்டும். இரண்டும் இருந்தால் விண்டோஸ் தன் தொடக்கக் கோப்புகளைப் பழையதில் போய் வைத்துவிடலாம்.

இரண்டாவது, டிஸ்க் பயாசுக்குத் தெரிகிறதா? இயக்கியவுடன் எஃப்2 அல்லது டெலீட் விசையை அழுத்தினால் அநேகமான கொம்பியூட்டர்களில் அந்தத் திரை வரும். டிஸ்கின் பெயர் அங்கே இல்லையென்றால் வயரைப் பாருங்கள். பெட்டி வடிவ சாட்டா எஸ்எஸ்டிக்கு மின்சார வயர், தரவு வயர் என இரண்டு வேணும். சூயிங்கம் துண்டு மாதிரி மெல்லிய எம்.2 வகையென்றால் இன்னொரு சிக்கல்: அதில் சாட்டா, என்விஎம்ஈ என இரண்டு இனம் உண்டு. பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும், ஆனால் சில மதர்போர்டுகள் ஒன்றை மட்டும்தான் ஏற்கும். வாங்க முன்னம் கொம்பியூட்டரின் கையேட்டைப் பாருங்கள்.

மூன்றாவது, பெயர் தெரிந்தும் எழும்பவில்லையா? தொடக்க வரிசையில் புது டிஸ்கின் விண்டோஸ் பூட் மனேஜரை முதலாவதாக வையுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் முறையைப் பாருங்கள். மிகப் பழைய கொம்பியூட்டர்களின் டிஸ்க் எம்பிஆர் என்ற முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். அதற்கு பயாசில் லெகசி வேணும். புதியவை ஜிபிடி, அதற்கு யூஇஎஃப்ஐ. இரண்டும் பொருந்தாவிட்டால் கறுப்புத் திரைதான். எதையும் மாற்ற முன்னம் அந்தத் திரையைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். திரும்பி வர வழி தெரியவேணுமெல்லோ?

நாலாவது, பிட்லொக்கர். பல புதிய மடிக்கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். டிஸ்கையோ பயாசையோ தொட்டால் 48 இலக்க மீட்புத் திறப்பைக் கேட்கலாம். அது அநேகமாக உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். வேலை தொடங்க முன்னமே எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

அன்ரி கேட்ட ஒரு கேள்வியும் உங்களுக்கு வரும்: "இனி விண்டோஸ் 11 போடலாமோ தம்பி?" எஸ்எஸ்டி அதைத் தீர்க்காது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் நின்றுவிட்டது. பதினொன்றுக்கு டிபிஎம் 2.0 வேணும், இன்ரெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை புரொசசராவது வேணும். 2016 கொம்பியூட்டருக்கு அது இல்லை. காசைச் செலவழிக்க முன்னம் இதையும் கணக்கில் எடுங்கள்.

வேலை முடிந்ததும் அன்ரி ஒரு படத்தைத் திறந்து காட்டினார். அம்மா, முப்பது வயது மதிக்கலாம், யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்தில் நிற்கிறார். 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் அல்பங்கள் எல்லாம் அந்த வீட்டோடு போய்விட்டன. இந்த ஒன்றுதான் கொழும்பில் ஒரு சொந்தக்காரரிடம் இருந்து கிடைத்து, ஸ்கான் செய்யப்பட்டது. இப்போது அவரும் இல்லை, தாள் படமும் இல்லை.

ஒரே பிரதி என்றால் என்ன ஆகும் என்று எங்கட ஆக்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்களும், வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் போயின.

அதனால் பழைய ஹார்ட் டிஸ்கை எறியவில்லை. ஒரு கடித உறையில் போட்டு, திகதி எழுதி, அலுமாரிக்குள் வைத்தோம். படங்கள் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன: கொம்பியூட்டரில், அலுமாரியில், மார்க்கத்தில் இருக்கும் மகளின் வீட்டில் உள்ள வெளி டிரைவில்.

புது டிஸ்க் வாங்கினால் பழையதை உடனே அழிக்காதேங்கோ. புதியதை மட்டும் வைத்து இயக்கிப் பார்த்து, ஒவ்வொரு போல்டரையும் திறந்து பார்த்து, ஒரு மாதம் பொறுங்கோ. அந்த ஒரு மாதம் உங்களுக்கு ஒரு சதமும் செலவில்லை.